தாங்கும் சட்டம்

உலகில் தாங்கி நிற்பவை பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. கட்டடத்தின் அடித்தளம் மண்ணுள் மறைகின்றது. மரத்தின் வேரும் அவ்வாறே. காரின் முன்புறத்தில் ரேடியேட்டரைத் தாங்கும் இரும்புச் சட்டமும் அவ்வினத்தைச் சேர்ந்தது. இதனை நாம் கற்றது, திருவனந்தபுரத்துக் கரமனையில் ஒரு பட்டறையில் இரண்டு நாள் அமர்ந்திருந்தபோதுதான்.

எம் வீட்டில் இருப்பது 1977ஆம் ஆண்டின் அம்பாசிடர் மார்க் 3. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை முன்மாதிரியாகக் கொண்டு, வங்காளத்து உத்தரபாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை உருவான இனம் அது. எம் தந்தையார் 1985இல் அதனைப் பழைய வண்டியாக வாங்கினார். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் எம்மை நாகர்கோவிலுக்குச் சுமந்து சென்றது அதுவே.

பழங்காரைப் பேணுதல் இந்நகருக்குப் புதிதன்று. 2013இல் மறைந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1955இல் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் காரைப் பல்லாண்டுகள் போற்றிக் காத்தார். அரண்மனைக்கு அது இயலும். எழுத்தர் குடும்பத்துக்கோ ஒவ்வொரு பழுதும் ஒரு மாதக் கணக்கையே கலைத்துவிடும்.

சென்ற கோடையில் பாலராமபுரத்தருகே வண்டி ஆவி கக்கி நின்றது. ரேடியேட்டரின் அடியில் பற்றுவைத்த இணைப்பு விண்டு நீர் ஒழுகியது. கடற்காற்றின் உப்பும் மழைக்காலச் சேறும் கீழ்ச்சட்டத்தை அரித்திருந்தன. மூன்றாண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் துருவின்மேலேயே தகட்டை ஒட்டிச் சாயம் பூசித் தந்தனர். நாமும் பளபளப்பைக் கண்டு மகிழ்ந்து வந்தோம். பதிவைப் புதுப்பிக்கும் நாளும் நெருங்கிற்று. எடைக்கு விற்றுவிடலாமென்று, தந்தையார் அறியாமல் விலையும் கேட்டோம். இறுதி முயற்சியாகவே கரமனைக்குச் சென்றோம்.

பட்டறைக்காரர் தோவாளைப் பக்கத்தவர். உடனே அறுக்கவில்லை. "இந்த வண்டிக்குத் தனியா சேசிஸ் கிடையாது சார், உடம்புதான் சேசிஸ். அளக்காம அறுத்தா மூஞ்சி விரிஞ்சுபோகும்" என்றார். இருபுற மட்கார்டுகளுக்கும் இடையே ஓர் இரும்புக் குழாயைத் தற்காலிகமாகப் பற்றவைத்தார். மூலைக்கு மூலை அளந்து சுவரில் சாக்கட்டியால் எழுதினார். பிறகே அரித்த பகுதியை, நல்ல இரும்பு தென்படும்வரை அறுத்தெறிந்தார்.

அட்டையில் அச்சு வெட்டி, அதன்படி தகட்டை வெட்டி, விளிம்புகளை மடித்தார். மடிப்பில்லாத தகடு தாளைப்போல் துவளும், மடித்தால் உத்தரமாகும். நான்கு புள்ளிகளில் மட்டும் பற்றவைத்து, ரேடியேட்டரை நிறுத்தி, விசிறி உரசாமையும் பானெட் மூடுவதும் பார்த்தார். அதன்பின், சூட்டில் தகடு கோணாதிருக்க, இங்கொன்றும் அங்கொன்றுமாக முழுதும் பற்றவைத்தார். நீர் வடியும் துளைகளையும் மறவாது இட்டார்.

இரண்டாம் நாள் எம்முடன் வந்த தந்தையார், பையிலிருந்து பழைய ஹார்லிக்ஸ் டப்பா ஒன்றை எடுத்தார். உள்ளே இரண்டு ரப்பர்த் துண்டுகள். "தம்பி, இதை வைக்காம மூடிராதே" என்றார்.

முன்பு அவரே டயரிலிருந்து வெட்டி ரேடியேட்டரின் கீழ் வைத்தவை அவை. முந்தைய பட்டறையில் கழித்தெறிந்தபோது பொறுக்கி வைத்திருக்கிறார். பட்டறைக்காரர் முகம் மலர்ந்தது. "இது இல்லாமத்தான் ஐயா பற்று விட்டிருக்கு. குலுக்கம் பூரா நேரே பித்தளையில இறங்கியிருக்கு." பழையவை இறுகி வெடித்திருந்தமையால், அவற்றையே அளவாக வைத்துப் புதிய ரப்பர் வெட்டினார்.

நாம் தலைகுனிந்து நின்றோம். விலை கேட்டதைத் தந்தையார் அறிந்திருந்தாரா என்று இன்றுவரை வினவவில்லை.

வண்டி சோதனையில் தேறிற்று. ஆவணியில் நாகர்கோவில் சென்றோம். பாலராமபுரத்தைக் கடந்தபோது முன்னிருக்கையில் தந்தையார் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

பிறமொழி நாட்டில் வேரூன்றிய நம் இல்லங்களிலும் இத்தகைய சட்டங்கள் உள. அவை உறுதியாய் நிற்பதோடு, அதிர்ச்சியைத் தாமே வாங்கிக்கொண்டு நமக்கு எட்டாமற் காக்கின்றன. துருவின்மேல் சாயம் பூசி ஏமாறாமல், உரிய காலத்தில் குனிந்து பார்த்தல் நம் கடன்.