பூனைக்கு ஒரு பொட்டலம் நுண்ணுயிர்

உடன்குடிக்காரர்களுக்கு நுண்ணுயிர் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று சாற்றைப் புளிக்க வைக்கிறது, சுண்ணாம்பு அதைத் தடுக்கிறது என்பது பனையேறிகளுக்குப் படிக்காமலே தெரியும். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவற்றைப் பொட்டலம் கட்டிப் பூனைக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புதுச் செய்தி. அதற்குப் புரோபயாடிக் என்று பெயர்.

மணி என் மனைவி வளர்த்த பூனை. வயது ஒன்பது. அவள் போன பிறகு இந்த வீட்டில் என் காலடிச் சத்தத்துக்கு எழுந்து வருகிற உயிர் அது ஒன்றுதான். போன மாசியில் வேறொரு கடுவன் பூனையோடு சண்டை போட்டு, தொடையில் சீழ் வைத்துவிட்டது. கால்நடை மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்து ஆன்டிபயாடிக் கொடுத்தார். புண் வற்றியது. ஆனால் நாலாம் நாள் வயிறு கழிய ஆரம்பித்தது. சாளை மீனை முகர்ந்து பார்த்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. இடுப்பெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

பக்கத்து வீட்டம்மா, "அண்ணாச்சி, மோர்ச்சோறு பிசைஞ்சு வைங்க, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார். நல்ல மனசு. ஆனாலும் ஒயர் கூடையில் வைத்து மறுபடி டாக்டரிடமே கொண்டுபோனேன்.

அவர் சொன்னது இது: "ஆன்டிபயாடிக்குக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பேதம் தெரியாது. சீழைக் கொல்லப் போன மருந்து குடலில் இருக்கிற நல்லதையும் கொன்றுவிடும்." ஒரு பொடி எழுதிக் கொடுத்தார். தினம் ஒரு பொட்டலம், வேகவைத்த மீனில் தூவி வைக்க வேண்டும். ஆன்டிபயாடிக்குக்கும் பொடிக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் அது இதையும் கொன்றுவிடும். ஐந்தாம் நாள் மலம் கட்டியது. பொடியால்தான் ஆயிற்று என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆன்டிபயாடிக்கும் அந்த வாரத்தோடு முடிந்தது.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். தயிரில் உள்ள கிருமிகள் குடலுக்கு நல்லது என்று நூறு வருடத்துக்கு முன்பே சொன்னவர் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப். வேறொரு ஆராய்ச்சிக்காக 1908-இல் நோபல் பரிசு பெற்றவர். பூனை விஷயத்தில், அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து விலங்குக் காப்பகம் ஒன்றில் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. என்டரோகாக்கஸ் ஃபீசியம் என்ற நுண்ணுயிரின் ஒரு வகையைத் தின்ற பூனைகளில் இரண்டு நாளோ அதற்கு மேலோ வயிறு கழிந்தவை நூற்றுக்கு 7. வெறும் பொடி தின்றவற்றில் நூற்றுக்கு 21. அதே காப்பகத்து நாய்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு பிராணிக்குக் கேட்டது இன்னொன்றுக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொன்று சாக்கரோமைசஸ் பவுலார்டி. இது ஈஸ்ட், நம் கள்ளைப் புளிக்க வைப்பதற்கு நெருங்கிய சொந்தம். 1920-களில் பிரெஞ்சுக்காரர் பவுலார்டு இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து பிரித்தெடுத்தார். ஈஸ்ட் என்பதால் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் இதைத் தொடாது.

அப்படியானால் மோர்ச்சோறு ஏன் கூடாது? குட்டிப் பருவம் தாண்டியதும் பெரும்பாலான பூனைகளுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடும். பால் வைத்தால் கழிச்சல் கூடும். தயிரில் அந்தச் சர்க்கரை கொஞ்சம் குறைவு. ஒரு ஸ்பூன் நக்கினால் குடி முழுகாது. ஆனால் தயிர்க் கிருமி பாலைப் புளிக்க வைப்பதில் கெட்டி. பூனையின் குடலிலும் அப்படி வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தவிர, பூனை மாமிசம் தின்னப் பிறந்தது. டாரின் என்ற சத்து அதற்கு மீனிலும் இறைச்சியிலும்தான் கிடைக்கும். வெறும் சோற்றிலேயே வளர்த்தால் நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும்.

பொடி துணைக்கு வருகிற ஆள்தான், வைத்தியர் அல்ல. குடற்புழு இருந்தால் அதற்கு மருந்து தனி. தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் கழிச்சலும் சேர்ந்து வந்தால் அது பூனைகளைக் கொல்லும் வைரஸ் நோயாக இருக்கலாம். அங்கே பொட்டலத்தை நம்பி உட்கார்ந்தால் குட்டி நீர் வற்றிப் போய்விடும். மலத்தில் ரத்தம் கண்டாலோ, ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் கிடந்தாலோ காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருக்கிறதே என்று நமக்கான பாரசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

நம் பக்கம் கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. பெரிய சிக்கல் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும் டாக்டர் முதலில் கேட்பது எத்தனை நாளாக, எத்தனை தடவை, என்ன நிறம், என்ன தின்றது என்றுதான். நம் வயதில் ஞாபகத்தை நம்ப முடியாது. ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு போங்கள்.