எழுபதா, எண்பதா?

விருதுநகர் ஜங்ஷனில் ஒரு வேடிக்கை உண்டு. சரக்கு ரயில் தடதடக்கும்போதே ஒலிபெருக்கியும் கரகரக்கும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" மட்டும் எல்லோருக்கும் சுத்தமாகக் கேட்கும். பிறகு வரும் நடைமேடை எண்தான் கேட்காது. "அண்ணாச்சி, எந்த பிளாட்பாரம்னு சொன்னான்?" அண்ணாச்சிக்கும் தெரியாது :-) ரயில் மாறி ஏறினால் சிவகாசிக்குப் போக வேண்டியவர் சாத்தூரில் இறங்க வேண்டியதுதான்.

உண்மையில் இரண்டுமே ஒரே அளவுக்குக் கரகரத்தவைதான். முதலாவது ஏற்கெனவே மனப்பாடம். காது விட்டதை மூளை நிரப்பிவிடுகிறது. 1970-ல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர், பதிவு செய்த ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லின் நடுவே இருந்த 'ஸ்' ஒலியை வெட்டிவிட்டு அங்கே ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள்! இருமலுக்குப் பதில் வெறும் மௌனத்தை வைத்தால் மட்டும் ஓட்டை தெரிந்துவிடுகிறது. இரைச்சல் இருந்தால்தான் மூளைக்கு இட்டுக்கட்டத் தைரியம் வரும் போல.

எண்ணை ஊகிக்க முடியாது. எழுபதும் எண்பதும் வாக்கியத்தில் ஒரே இடத்தில்தான் உட்காரும். பழைய தொலைபேசி சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். வத்தல், பருப்பு விலையை அதில் பேசுகிறவர்கள் "ஏழு சைபர்" என்று பிரித்துச் சொல்வது சும்மா இல்லை.

கரகரப்பு ஒலிபெருக்கியில் இல்லாமல் காதுக்குள்ளேயே இருந்தால்? வெடிச்சத்தமும் ஓயாத இயந்திரச் சத்தமும் பெரும்பாலும் முதலில் அடிப்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கேள்வியை. உயிரொலிகள் தப்பிவிடும். ச, த, ட போன்றவற்றின் கூர்மை போய்விடும். அதனால்தான் வீட்டுப் பெரியவர், "ஏன்டா கத்துற? சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்கிறார். அவரைச் செவிடு என்று கிண்டல் செய்வது அநியாயம். உள்காதில் செத்த மயிர்ச்செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

1999-ல் வந்த விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசு கூடாது. தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் ஏறும். ஊதுபத்தியோடு குனிகிற பையன் எங்கே 4 மீட்டர் பார்க்கிறான்?

பெரியவரிடம் கத்துவதைவிட, வெளிச்சத்தில் முகம் பார்த்து நிதானமாகப் பேசினால் பாதி வேலை முடிந்துவிடும். 'பட்டு' என்றால் உதடு மூடும், 'தட்டு' என்றால் மூடாது. மீதியை அவரே நிரப்பிக்கொள்வார்.