கிளம்பாத வண்டியும் அலசல் விமர்சனமும்

ஒரு கவிதை நிற்கவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். ஏன் நிற்கவில்லை என்று சொல்ல முனைகிறவனுக்குத்தான் சிரமம் ஆரம்பமாகிறது. புதுவயலில் ஒரு அரிசி ஆலையின் பழைய கிட்டங்கியில், கிளம்ப மறுத்த கார் ஒன்றின் பக்கத்தில் ஒரு வாரம் நின்றபோது இதைப் பற்றி யோசிக்க அவகாசம் கிடைத்தது. விஷயம் காரைப் பற்றியதுதான். விமர்சனம் வருவது அதன் வழியாக.

கார் மெர்சிடிஸ் பென்ஸ் 230 இ. 1976 முதல் 1986 வரை தயாரான டபிள்யூ 123 வரிசையைச் சேர்ந்தது. மலேசியாவிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் கொண்டுவந்தது. அவர் போனபின் பதினோரு வருஷம் உமித் தூசி மூடக் கிடந்தது. பங்காளிகள் பாகம் பிரிக்கிறபோது அதன் முறை வந்தது. கிளம்பினால் கார், அதற்கு ஒரு விலை உண்டு. கிளம்பாவிட்டால் 1,300 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட இரும்பு. காயலான் கடைக்காரர் ஏற்கனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஆச்சி மட்டும், "ஒரு தடவை சத்தம் கேட்டாப் போதும்ப்பா, அப்புறம் நீங்க என்னமும் பண்ணிக்கங்க" என்றார்.

நமக்குப் பழகிய அம்பாசிடரும் பத்மினியும் கார்புரேட்டர் வண்டிகள். எஞ்சின் காற்றை உறிஞ்சும்; அந்த உறிஞ்சலிலேயே பெட்ரோலும் வந்துவிடும். நாள்பட நின்ற அம்பாசிடரைக்கூட கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, நாலு பேர் தள்ளிக் கிளப்பியதைப் பார்த்திருக்கிறோம். இன்ஜெக்‌ஷன் வேறு ரகம். போஷ் நிறுவனத்தின் மின்னணு இன்ஜெக்‌ஷன் 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600-இல் வந்தது. 1973-இல் போர்ஷே 911-இல் வந்த கே-ஜெட்ரானிக் முறைதான் இந்த பென்ஸிலும் இருப்பது. அதில் பெட்ரோலை அளந்து விடுவது மின்சாரமல்ல. உள்ளே வரும் காற்று ஒரு வட்டத் தட்டை நகர்த்துகிறது. தட்டு ஒரு நெம்புகோலை நகர்த்துகிறது. நெம்புகோல், பெட்ரோலைப் பங்கிடும் ஃப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு சிறிய பிளஞ்சரை உயர்த்துகிறது. பிளஞ்சர் உயர்ந்த அளவுக்குப் பெட்ரோல். அதன் தலைமேல் எதிர் அழுத்தம் ஒன்று இருந்து அதைக் கீழே அமுக்கிக்கொண்டிருக்கும். இன்ஜெக்டர்கள் விட்டுவிட்டுத் தூவுவதில்லை. எஞ்சின் ஓடும்வரை ஓயாமல் தூவும். பெயரிலுள்ள 'கே' என்பதே தொடர்ச்சி என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்துதான். குழாய்களில் சுமார் ஐந்து பார் அழுத்தம், கார் டயரில் இருப்பதைப்போல் இரு மடங்குக்கு மேல். காதால் கேட்டு, மூக்கால் முகர்ந்து தீர்த்துவிடக்கூடிய விஷயமல்ல. அளக்க வேண்டும்.

முதலில் வந்த மெக்கானிக் அளக்கவில்லை. சாவியைத் திருப்பச் சொன்னார். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பேசவில்லை. "பெட்ரோல் வரலை. டிஸ்ட்ரிபியூட்டர், பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் மாத்தணும்" என்று ஒரு பட்டியல் கொடுத்தார். அனுபவஸ்தர், பட்டியலும் முழுத் தவறில்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அந்தப் பட்டியலின் விலைக்குக் காயலான் கடையே தேவலை.

இரண்டாமவர் ஆலையின் பழைய ஃபிட்டர். பென்ஸைத் தொட்டதில்லை. ஆலையில் டீசல் எஞ்சின் ஓடிய நாட்களில், 1951-இல் நிறுவப்பட்ட மைக்கோவின் பம்புகளோடும் நாஸில்களோடும் காலம் கழித்தவர். அழுத்தத்தால் திறக்கிற நாஸில் அவருக்குப் புதிதில்லை. டீசலில் நூறு பாருக்கு மேல் அழுத்தினால் திறப்பது, இங்கே மூன்று சொச்சத்தில் திறக்கிறது, அவ்வளவுதான். ஆகவே சிறிய அளவுள்ள கேஜ் ஒன்று வாங்கிவரச் சொன்னார்.

அவர் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்டார். பேட்டரி சரியா? சரி. ஸ்பார்க் வருகிறதா? வருகிறது. பம்ப் ஓடுகிறதா? பின் சக்கரங்களுக்கு அருகில், வண்டியின் அடியில் இருக்கிற மின் பம்பிலிருந்து முனகல்கூட இல்லை. ஒயரை எலி கடித்திருந்தது. நெல்லும் அரிசியும் இருக்கும் இடத்தில் இதற்கு ஆச்சரியப்பட முடியாது. ஒயரைச் சேர்த்த பிறகும் பம்ப் அசையவில்லை. டாங்கைத் திறந்தார். பெட்ரோலில் ஆவியாகக்கூடியது ஆவியாகி, மிச்சம் காற்றோடு சேர்ந்து பழுப்புப் பிசினாகியிருந்தது. வாடை வார்னிஷ் வாடை. அடியில் தண்ணீர், அதன் கீழே துரு. அரிமானத்தை ஆராய்கிற சிக்ரி, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்டு, பக்கத்தில் காரைக்குடியில்தான் இருக்கிறது. துரு அதைப் பொருட்படுத்துவதில்லை. டாங்க் கழுவப்பட்டது. வேறு பம்பும் புது ஃபில்டரும் வந்தன. இன்று பங்கில் விற்பது 20 சதவீதம்வரை எத்தனால் கலந்த பெட்ரோல். 1980களின் ரப்பர் அதை உத்தேசித்துச் செய்ததல்ல என்பதால் ரப்பர்க் குழாய்களும் மாறின. கேஜ் ஐந்து பார் காட்டியது.

வண்டி கிளம்பவில்லை. முன்பு கேட்ட அதே வெற்றுச் சுற்றல். "இன்னும் பெட்ரோல் வரலை" என்றார்கள் சுற்றி நின்றவர்கள்.

ஃபிட்டர் பிளக்குகளைக் கழற்றினார். முதல் நாள் உலர்ந்திருந்தவை இப்போது நனைந்திருந்தன. பெட்ரோல் வராமலில்லை, வெள்ளமாக வருகிறது. நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றி நான்கு சோடா பாட்டில்களுக்குள் விட்டு, பம்பை ஓடவிட்டு, காற்றுத் தட்டை விரலால் நகர்த்தினார். தூவியது. விரலை எடுத்தார். தட்டு திரும்பிவிட்டது, தூவல் நிற்கவில்லை. மறுபடி நகர்த்தியபோது தட்டு எதிர்ப்பே இல்லாமல் போயிற்று. ஒன்று, மேலிருந்து அமுக்கும் அழுத்தம் குறைவாயிருக்க வேண்டும்; அல்லது பிளஞ்சர் பிசினில் ஒட்டி மேலேயே நின்றிருக்க வேண்டும். அழுத்தத்தை அளந்தார், சரியாயிருந்தது. ஆகவே பிளஞ்சர். மைக்ரான் கணக்கில் இடைவெளி உள்ள பண்டம், எமரித் தாள் படக்கூடாது. கரைப்பானில் ஊறவைத்து, தன் பாரத்தில் தானே வழுக்கி இறங்கும்வரை காத்திருந்தார். மறுநாள் காலை வண்டி கிளம்பியது. ஆச்சி திண்ணையிலிருந்து எழுந்து வரவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு உறைத்தது இதுதான். இல்லாமையும் மிகுதியும் ஒரே மௌனத்தைத் தருகின்றன. வெளியே நிற்கிறவனுக்கு இரண்டும் 'கிளம்பவில்லை'தான். நம் கவிதைகளில் அனுபவம் போதாமல் நின்றுபோனவை உண்டு. அனுபவம் அளவின்றிக் கொட்டி, பொறி நனைந்து நின்றுபோனவையும் உண்டு. இரண்டுக்கும் நாம் ஒரே வாக்கியத்தை எழுதுகிறோம்: 'ஜீவன் இல்லை.' முதலாவதைப் பார்த்து எழுதிய வைத்தியத்தை இரண்டாவதற்கும் கொடுக்கிறோம்: இன்னும் உணர்ச்சி வேண்டும், இன்னும் வாழ்க்கை வேண்டும் என்று. ஏற்கனவே மூழ்கியிருக்கிறவன் தலையில் இன்னும் ஒரு குடம்.

க.நா.சு. பட்டியல் போட்டார், 1959-இல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பா அலசினார் என்பது நம் வட்டத்தில் பழகிப்போன சித்திரம். பட்டியலுக்கு ரசனை என்றும், அலசலுக்கு வாத்தியார்த்தனம் என்றும் பெயர் வைத்து, பலர் சுலபமான பக்கத்தில் நின்றுகொண்டார்கள். அந்த அலசலில் சலிப்பூட்டும் பக்கங்கள் இருக்கின்றன. சோடா பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் சலிப்பானதுதான். ஆனால் ஒரு படைப்பு கார் என்ற கணக்கில் சேருமா, இரும்பு என்ற கணக்கில் சேருமா என்பது சில சமயம் அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்பதில் நிற்கிறது. நம்மிடம் எடைக்குப் போட்டுவிட்ட பெயர்கள் கொஞ்சமல்ல.

க.நா.சு. பக்கத்தையும் சொல்ல வேண்டும். எதனால் ஓடவில்லை என்று ஃபிட்டர் காட்டிவிட்டார். அந்த வண்டி சாலையில் போகிறபோது உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன ஆகிறது என்பது அவர் கேஜில் இல்லை. அதற்கு ஏறிப் போய்ப் பார்த்தவன் வேண்டும். முதலில் அது கிளம்ப வேண்டும்.