ஏறிய எண்ணெய்

புதுவைத் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளுள் ஒன்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் நாம் கடலறிந்தவரல்லர். முல்லா வீதிப் பக்கம் கடை வைத்துக் கல்லாவில் அமர்ந்து கணக்கெழுதிப் பழகியவர். படகைக் கடலுக்குக் கொண்டுபோவது டிரைவரின் வேலை. கரைக்கு வந்தபின் டீசல் பிடித்த சீட்டையும் மீன் விற்ற சீட்டையும் ஒத்துப் பார்ப்பது நம் வேலை. அந்தச் சீட்டுகள் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். அதில் நமக்குப் பெருமை ஏதுமில்லை.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகலாகாது. மீனினம் பெருகுவதற்காக விதித்த தடை அது. அவ்வாண்டு தடை நீங்கியபின் படகு இரண்டு முறை தொழிலுக்குப் போய்த் திரும்பியிருந்தது. திரும்பியதும் டீசல் தொட்டியைக் கழுத்துக் குறிவரை நிரப்பி வைப்பது வழக்கம். அதே தொலைவு, அதே நேரம் ஓடி வந்தால் முன்பெல்லாம் 60 லிட்டர் பிடிக்கும். இப்போது 64 லிட்டர் பிடித்தது. இரண்டாம் முறையும் அப்படியே. தொட்டியிலும் குழாயிலும் ஒரு சொட்டுக் கசிவில்லை. அப்படியானால் 8 லிட்டர் எங்கே போயிற்று?

டிரைவரைக் கேட்டோம். “இன்ஜின் கொஞ்சம் இளைக்குது பாய். வலையை இழுக்கறப்ப மூச்சு வாங்குது. ஆனா ஆயில் குடிக்கவே இல்ல. ஒரு பொட்டு ஊத்தல, அளவு குறையல” என்றார். ஆயில் செலவு மிச்சம் என்று குறித்துக்கொண்டோம். முதற் சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனம் குறுக்கு வழியில் ஓடிற்று. பதினோர் ஆண்டு நம்மோடிருந்தவர் மீது வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் துணிவில்லை என்பதே மெய். டீசல் பிடிக்கும்போது கூட நிற்கும்படி தங்கை மகனை அனுப்பினோம். கையில் நோட்டும் பென்சிலுமாகப் பையன் போய் நின்றான். இதைவிட வெளிப்படையாக ஒருவரைத் திருடர் என்று சொல்ல முடியுமா? மறுநாள் சுபுஹு தொழுது கடையைத் திறந்த வேளையில் அவர் வந்து இன்ஜின் சாவியைக் கல்லாவின் மேல் வைத்தார். “வேற ஆளப் பாத்துக்குங்க பாய்” என்றதோடு சரி.

வேறு ஆள் வருமுன் இன்ஜினைச் சரிபார்க்க வேண்டுமே என்று வம்பாகீரப்பாளையத்திலிருந்து முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போனோம். அவர் எந்தத் திருகையும் தொடவில்லை. ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். மேற்குறிக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறி நின்றது எண்ணெய்.

“யார் ஊத்துனது?”

“யாரும் ஊற்றவில்லை.”

“ஊத்தாத ஆயில் எப்படி பாய் ஏறும்?”

கல்லாவில் அமர்ந்து நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. எண்ணெய் குறைந்தால் கவலைப்படத் தெரிந்த நமக்கு, கூடினால் அதனினும் கவலைப்பட வேண்டும் என்று தெரியவில்லை.

கம்பியை மூக்கருகே நீட்டினார். டீசல் நெடி. இரு விரலிடையே தேய்த்துக் காட்டினார்; வழவழப்பு இல்லை, தண்ணீராக ஓடிற்று. பழைய செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டுச் சற்றுப் பொறுக்கச் சொன்னார். நடுவில் கறுப்பு நின்றது. அதைச் சுற்றி வெளிறிய ஈர வளையம் அகன்று பரவியது. அந்த வளையம்தான் டீசல். உப்புத் தண்ணீர் புகுந்திருந்தால் எண்ணெய் மோர்போல் வெளுத்திருக்குமாம். சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டால் கடுகுபோல் வெடிக்குமாம்.

குற்றவாளி ஃபீடு பம்ப். தொட்டியிலிருந்து டீசலை உறிஞ்சி முன்னே தள்ளும் சிறு பொறி, இன்ஜினின் விலாவில் பொருத்தியிருப்பது. அதனுள்ளிருக்கும் டயாபிரம் என்னும் மெல்லிய தோல் கிழிந்திருந்தது. தோலுக்கு மேலே டீசல், கீழே ஆயில். கிழிசல் வழியே டீசல் சொட்டுச் சொட்டாக ஆயில் சம்ப்பில் இறங்கியது. முன்னே போக வேண்டியது போய்ச் சேராததால் இன்ஜின் இளைத்தது. டிரைவர் சொன்ன இரண்டு செய்தியும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்! 18 லிட்டர் கொள்ளும் சம்ப்பைத் திறந்து வடித்தபோது 24 லிட்டர் வந்தது. மீதம் இரண்டும் சூட்டில் ஆவியாகியும் எரிந்தும் போயிருக்கும் என்றார் மெக்கானிக்.

இன்னும் ஒரு தொழில் போயிருந்தால்? நீர்த்த எண்ணெய் கிராங்கையும் பேரிங்கையும் பிரித்துத் தாங்காது. இரும்போடு இரும்பு உரசி இன்ஜின் இறுகிவிடும். மட்டம் மிகவும் ஏறினாலோ அந்த எண்ணெயே சிலிண்டருக்குள் புகுந்து எரிபொருளாகி, டீசலை நிறுத்தினாலும் நில்லாமல் இன்ஜின் வெறிகொண்டு சுழலும். அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், மணல்மேட்டில் அலை உடையும் இடத்தில், இன்ஜின் நின்றுபோனால் படகிலிருப்போர் கதி என்ன? நாம் 8 லிட்டருக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புதுவைக்காரர் என்ற உரிமையில் ஒரு செய்தியை இடையே சொல்லிவிடுகிறோம். இவ்வகை இன்ஜினுக்குப் பெயர் தந்த ருடால்ஃப் டீசல் 1858இல் பாரிஸில் பிறந்தவர். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அவருடைய இன்ஜினொன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் புதுவைத் துறையிலிருந்து மார்செய்க்குக் கப்பல் கப்பலாக மல்லாக்கொட்டை போயிற்று. 1913இல் அந்த மனிதர் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, இரவில் கடலில் காணாமற்போனார்.

மெக்கானிக் அன்று வேறு சிலவும் சொன்னார். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது சுமை மிகை; நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது; வெண்புகை வந்தால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது, அல்லது தண்ணீர் புகுந்திருக்கிறது. தடைக்காலத்தில் தொட்டியைப் பாதியாக விடலாகாது. வெற்றிடத்துக் காற்றின் ஈரம் இரவுக் குளிரில் நீராகி அடியில் தங்கும். அங்கே பூஞ்சை வளர்ந்து கறுப்புச் சளியாய் ஃபில்டரை அடைக்கும். அடிமட்ட டீசலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஓரிரவு வைத்தால் தண்ணீர் தனியே கீழே நிற்கும்.

அன்று அஸருக்குப் பின் வைத்திக்குப்பத்தில் டிரைவர் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். சாவியை நீட்டி, நடந்ததைச் சொல்லி, “தப்பு நம்முடையது, மன்னிக்கணும்” என்றோம். அவர் சாவியைப் பார்க்கவில்லை.

“ஆயிலை மாத்துனீங்களே, ஆயில் ஃபில்டரை மாத்துனீங்களா?”

மாற்றியிருக்கவில்லை.

“பழசு அதுலயும் நிக்கும் பாய்” என்று எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். புது ஃபில்டர் வாங்கிக்கொண்டு இருவரும் துறைமுகத்துக்கு நடந்தோம். வழியில் அவர் ஒன்றும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. ஃபில்டரைப் பூட்டி, இன்ஜினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தி, எண்ணெய் இறங்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்து, தாம் பாராமலே நம் கையில் கொடுத்தார்.