பாணனும் பாணும்

வேலிக்குக் கதியால் நடுகிற நாள். கிடங்கு கிண்ட வீட்டில் அலவாங்கு இல்லை. "ஓடிப்போய்ச் சித்தப்பா வீட்டை அலவாங்கு வாங்கிக்கொண்டு வா" என்று ஐயா தம்பியை அனுப்பினார். அவனுக்கு அப்போது ஆறு வயது. அரை மணித்தியாலம் கழித்து ஒழுங்கையில் தறதறவென்று சத்தம். படலையடியில் வேர்த்து விறுவிறுத்துத் தம்பி; அவனுக்குப் பின்னால், மணலில் இரண்டு கோடு கிழித்தபடி, சித்தப்பா வீட்டு விறாந்தையில் கிடந்த நீட்டு வாங்கு.

"உதென்னடா?"

"அலவாங்கு. அங்கை ரெண்டு வாங்கு கிடந்தது. இதுதான் அலையிறது."

ஒரு கால் கட்டையான வாங்கு அது. இருந்தால் ஆடும். ஆகவே அலை-வாங்கு. யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும்: அலவாங்கு என்றால் கடப்பாரை, வாங்கு என்றால் பெஞ்சு.

அன்றைக்குச் சிரித்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் தம்பியின் கணக்கில் எங்கே பிழை என்ற கேள்வி எனக்குள் கிடந்து, பல வருடம் கழித்து அகராதிகளைப் புரட்ட வைத்தது. இரண்டும் போர்த்துக்கேயச் சொற்கள். நெம்புகோலுக்கு அவர்கள் வைத்த பெயர் அலவாங்கா, பெஞ்சுக்கு பாங்கு. இரண்டுக்கும் உறவில்லை, ஒரே கப்பலில் வந்தவை என்பதைத் தவிர.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். 39 வருடம்தான். அதற்குள் மேசை, அலுமாரி, யன்னல், குசினி, சப்பாத்து என்று வீட்டையே நிரப்பிவிட்டார்கள். அவர்களைவிட நெடுங்காலம் இருந்த ஒல்லாந்தரின் கணக்கில் கந்தோரும் லாச்சியும் கக்கூசும் வருகின்றன. கடைசிச் சொல்லை நாங்கள் ஒரு நாளும் கைவிடவில்லை.

கதிரையும், அதாவது நாற்காலியும், போர்த்துக்கேயரின் கப்பலில் வந்ததுதான். ஆனால் இங்கே இன்னொரு கதிரையும் உண்டு. கதிர்காமத்தைப் பழைய ஆட்கள் கதிரை என்றுதான் சொல்வார்கள். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் இருந்து கிழக்குக் கரையோரமாக, ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து போகிற யாத்திரைக்கு ஆச்சி ஆயத்தமானபோது தம்பி குழம்பிப்போனான். "கதிரைக்குப் போறன் மோனை" என்கிறா. கதிரையோ முன்விறாந்தையில் கிடக்கிறது. எட்டு அடி. அதற்கு ஏன் ஆச்சி இவ்வளவு அரிசிமா வறுக்கிறா?

இவை எல்லாம் சில்லறை. பெரியது பள்ளிக்கூடத்தில் நடந்தது.

பாணன் என்றால் யார் என்று றீச்சர் கேட்டிருக்கிறா. தம்பி எழும்பி, "பாண் விக்கிறவர்" என்றானாம். பாண் என்றால் பிரெட். பின்னேரம் சைக்கிளில் பெட்டி கட்டி, மணி அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வருகிறவரைத்தான் அவன் நினைத்தான். அப்படியானால் யாழ்ப்பாணம்? அதற்கும் மறுமொழி வைத்திருந்தான்: "பாண் நல்லாய்ச் சுடுற ஊர்." வகுப்பு உருண்டு உருண்டு சிரித்ததாகக் கேள்வி.

பெரியவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடினேன். ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய 'யாழ்ப்பாண வைபவமாலை'யில், சோழநாட்டில் இருந்து வந்த கண்பார்வையற்ற ஒரு யாழ்பாடிக்கு அரசன் மணல்வெளியைப் பரிசாகக் கொடுக்கிறான். ஊர் யாழ்ப்பாணம் ஆகிறது. அந்த நூலைத் துருவித் துருவி ஆராய்ந்து 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' எழுதியவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர். சொற்பிறப்புக்கென்றே அகராதி தொகுத்த மனிதர். இன்னொரு பக்கம், சிங்களத்தின் 'யாப்பாபட்டுன'வைப் பிரித்து 'நல்ல ஊர்' என்று பொருள் கண்டு, அதை நல்லூரில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வாசிக்க வாசிக்க எனக்குச் சித்தப்பா வீட்டு வாங்குதான் கண்ணுக்குள் வந்தது. யார் இருந்தாலும் கொஞ்சம் ஆடுகிறது.

பாண் மட்டும் ஆடவில்லை. போர்த்துக்கேயரின் 'பௌங்' வாய்மாறி இங்கே பாண் ஆனது. சிங்களவருக்கும் அது பாண்தான். 1990களில் பேக்கரிகளுக்கு மேலே 'வெதுப்பகம்' என்று பலகை ஏறியது. நல்ல தமிழ், எனக்குப் பிடித்த சொல்லும்கூட. அதற்குக் கீழே நின்று சனம் "அண்ணை, ஒரு றாத்தல் பாண்" என்றே கேட்டது. கிலோ வந்து எத்தனையோ காலம் ஆகியும் றாத்தலும் போகவில்லை.

தேடலில் அகப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இன்னும் கிழக்கே போய் இறங்கிய நாட்டிலும் இதே சொல்லை விட்டுவிட்டு வந்தார்கள். இன்றைக்கும் அங்கே பாணுக்குப் பெயர் 'பான்'. அந்த நாடு ஜப்பான்.

தம்பி இப்போது கனடாவில். தலை நரைத்துவிட்டது. தொலைபேசியில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"யாழ்ப்-பாண்," என்றான் மெல்ல. "ஜப்-பான்."

"டேய், அந்தப் பேர் அப்பிடி வரேல்லை..."

"நான் அப்பவே சொன்னனான் அண்ணை. றீச்சர்தான் சிரிச்சவ."