காட்டுமாட்டின் முதுகு

அடுப்புக்கரியால் வீட்டுச் சுவரில் மாடு வரைந்த வயதிலிருந்தே எனக்கு விலங்குகள்தான். இன்று காலை வட்டக்கானல் சோலை ஓரம் கருமந்தி ஒன்றைத் தீட்டினேன். பனிமூட்டத்தில் தாள் நமுத்து மை கசிந்தது. வால் மட்டும் சரியாக வந்தது, அதுவே போதும்.

கொடைக்கானலில் காட்டுமாடுகள் தெருவுக்கே வந்துவிடுகின்றன. ஆனாலும் அந்த முதுகு மேடு எனக்கு இன்னும் வசப்படவில்லை. தோளிலிருந்து எழுந்து நடுமுதுகில் சட்டென்று இறங்கும் கோடு அது. காலில் வெள்ளை உறை மாட்டியதுபோன்ற நிறத்தை எளிதில் போட்டுவிடலாம்.

இப்படித் திணறும்போதெல்லாம் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்வேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். அவற்றுக்குத் தானே கோட்டோவியமும் வரைந்தார். அணில், காகம், கீரி என நாம் கவனிக்காமல் கடந்துபோகிறவற்றை அவர் பார்த்த பொறுமைதான் எனக்குப் பாடம்.

மறுபடி வெயில் வந்திருக்கிறது. மரக்கிளையில் மலை அணில் ஒன்று வாலைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கிறது. பென்சில் சீவிக்கொண்டிருக்கிறேன்.