கோழிக்கூட்டில் விழுந்த டாக்ஸி!

'கனடாவில் ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும்' என்று யாராவது அளந்தால் நம்பாதீர்கள் சார்!

மார்ச் மாதம் மான்ட்ரியாலில் இறங்கினேன். அங்கே டாக்ஸி ஓட்டும் என் காலேஜ் சிநேகிதன் ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தான். பத்து நிமிஷம் போயிருப்போம்... தொம்! தண்ணீர் நிறைந்த குழி. என் தலை கூரையில். முன் டயர் பணால்.

"இந்தக் குழிக்கு பிரெஞ்சுல என்ன பேரு தெரியுமா? கோழிக்கூடு!" என்றான்.

"கோழியா? எருமையே படுக்கலாமேடா!"

குளிர் ஜாஸ்தியானால் குழியும் ஜாஸ்தி என்று நினைத்திருந்தேன். அதுதான் இல்லை. விரிசலில் இறங்கும் தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருத்துத் தாரை நெம்பும். உருகினால் அடியில் பொந்து. மேலே லாரி ஏறினால், தீர்ந்தது கதை! வின்னிபெக்கில் ஜனவரி ராத்திரி மைனஸ் 20 சர்வசாதாரணம். ரோடு கல்லாய் உறைந்து கிடக்கும், தொல்லையெல்லாம் வசந்தத்தில்தான். மான்ட்ரியாலிலோ குளிர்காலத்திலேயே வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாக ஊஞ்சலாடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரோடு கொஞ்சம் பெயரும்.

"இன்னிக்கு சம்பாத்தியம் டயருக்கே பத்தாதுடா" என்றான் நண்பன், குரல் இறங்கி.

"நான் வாடகை குடுத்துடறேன்டா" என்றேன். முறைத்துவிட்டு, ஜாக்கியை என் கையில் திணித்தான்.